ரப்பர் மிருகம் ஏன் ஒரு மணி நேரம் கழித்து வருகிறது? மலிவு மான்ஸ்டர் படங்களின் கணக்கு

2024 மார்ச்சில் ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ என்ற ஜப்பானியப் படம் சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கரை வாங்கியது. அதன் செலவு ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைவு என்று பேசப்பட்டது. அவ்வளவு பணம் கையில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இயக்குநர் தகாஷி யமசாகி அதற்கும் சிரித்தார். அதே ஆண்டு மே மாதம் அமெரிக்க மலிவுப் படத் தயாரிப்பாளரும் இயக்குநருமான ரோஜர் கார்மன் 98 வயதில் காலமானார். கொப்போலா, ஸ்கோர்செஸி, ஜேம்ஸ் கேமரூன் போன்றவர்களுக்குத் தொடக்க காலத்தில் வேலை கொடுத்தவர். 2009-இல் கௌரவ ஆஸ்கர் பெற்றவர். ஆனால் அவர் எடுத்த படங்களின் பட்டியலைப் பார்த்தால் ராட்சத நண்டு, ஆள் தின்னும் செடி, வெள்ளிக் கிரகத்திலிருந்து வந்த வெள்ளரிக்காய் மாதிரி ஒரு பிராணி என்றுதான் போகிறது. இதற்கா இவ்வளவு மரியாதை என்று பலருக்குக் குழப்பம்.

குழப்பம் தீர வேண்டுமென்றால் இந்தப் படங்களின் வரவு செலவைப் பார்க்க வேண்டும். மலிவு மான்ஸ்டர் படத்தில் நாம் ரசிப்பதும் சரி, நொந்துகொள்வதும் சரி, ஒரே நெருக்கடியிலிருந்துதான் வருகிறது. படத்தில் அதிகம் செலவு பிடிக்கிற பொருள் அந்த மிருகம். அதைச் சரியாகக் காட்டக் காசு கிடையாது. காட்டவில்லை என்றால் டிக்கெட் விற்காது. இந்த இடுக்கில் மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வகைப் படங்களின் மொத்த வரலாறும்.

எதை மலிவு என்கிறோம்?

ரப்பர் உடை போட்ட மிருகம் வந்தாலே மலிவுப் படம் என்று நினைத்துவிடக் கூடாது. 1954-இல் தோஹோ நிறுவனம் எடுத்த முதல் ‘காட்ஸில்லா’ படத்தில் இருந்ததும் ரப்பர் உடை அணிந்த மனிதன்தான். ஆனால் அன்றைய ஜப்பானில் அது பெரிய பட்ஜெட் படம். இங்கே பேசுவது அதற்கும் வெகு கீழே, 1950-களின் அமெரிக்காவில் நடந்த வியாபாரத்தைப் பற்றி.

அளவு தெரிய சில எண்கள் போதும். 1956-இல் வந்த ‘தி டென் கமாண்ட்மென்ட்ஸ்’ படத்துக்குச் சுமார் 1.3 கோடி டாலர் செலவானது. 1953-இல் வந்த ‘தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபேதம்ஸ்’ படத்துக்கு ஏறக்குறைய 2 லட்சம். 1958-இல் வந்த ‘தி ப்ளாப்’ படத்துக்கு 1 லட்சத்துச் சொச்சம். 1953-இன் ‘ரோபாட் மான்ஸ்டர்’ படத்துக்கோ சுமார் 16,000 டாலர்தான், படப்பிடிப்பும் நாலே நாளில் முடிந்தது. அடிமட்டம் என்றால் அதுதான்.

இவ்வளவு படங்கள் ஏன் வந்தன?

இதற்குக் காரணம் கலை அல்ல, தியேட்டர் வியாபாரம்.

1. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கத் தியேட்டர்கள் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டத் தொடங்கின. முதல் படத்துக்கு வசூலில் பங்கு. இரண்டாவது படத்துக்கு நிலையான வாடகை மட்டும். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே தொகைதான். வரவு முன்கூட்டியே தெரிந்துவிட்டதால், லாபம் பார்க்க ஒரே வழி செலவைக் குறைப்பது. ‘பி படம்’ என்ற பிரிவு இப்படித்தான் பிறந்தது.

2. 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பெரிய ஸ்டூடியோக்கள் தியேட்டர்களையும் தங்கள் கையில் வைத்திருந்த ஏற்பாடு அதோடு உடைந்தது. நிச்சயமான தியேட்டர் இல்லாமல் போனதும் ஸ்டூடியோக்கள் சின்னப் படங்களைக் குறைத்துக்கொண்டன. தியேட்டர்காரர்களோ வாராவாரம் படம் தேடி அலைந்தார்கள்.

3. குடும்பம் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டது. வீட்டை விட்டு வெளியே வர ஆசைப்பட்டவர்கள் கார் வைத்திருந்த பதின்வயதுப் பிள்ளைகள். 1958 வாக்கில் அமெரிக்காவில் 4,000-க்கும் மேற்பட்ட டிரைவ்-இன் திறந்தவெளித் திரையரங்குகள் இருந்தன. அங்கே காருக்குள் ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்கள் திரையை எவ்வளவு கவனமாகப் பார்ப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடைவெளியில் நுழைந்த நிறுவனம்தான் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ், சுருக்கமாக ஏ.ஐ.பி. ஜேம்ஸ் நிக்கல்சன், சாமுவேல் ஆர்காஃப் இருவரும் 1954-இல் வேறு பெயரில் தொடங்கியது. அவர்களுடைய வேலைமுறை தலைகீழானது. முதலில் நிக்கல்சன் ஒரு தலைப்பை யோசிப்பார். அப்புறம் போஸ்டர் வரையப்படும். தியேட்டர்காரர்கள் அதைப் பார்த்து உற்சாகமாகத் தலையாட்டினால்தான் கதை எழுத ஆளைக் கூப்பிடுவார்கள்.

இதில் வந்த சிக்கலுக்கு நல்ல உதாரணம் 1955-இல் வந்த ‘தி பீஸ்ட் வித் எ மில்லியன் ஐஸ்’. போஸ்டரில் கண்ணாக நிறைந்த ராட்சதன். கதையிலோ மிருகம் கண்ணுக்கே தெரியாது, அது பிற உயிர்களின் கண் வழியாகப் பார்க்கிறதாம். பத்து லட்சம் கண்களைப் படமாக்குவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. படம் வாங்கியவர்கள் சும்மா விடுவார்களா? மிருகம் எங்கே என்று கேட்டார்கள். கடைசியில் பால் ப்ளேஸ்டெல் என்ற ஓவியரைப் பிடித்து ஒரு சின்னப் பொம்மை செய்து ஒட்டினார்கள்.

மிருகத்தைச் செய்ய நாலு வழி

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு ராட்சத உயிரைத் திரையில் கொண்டுவரப் பெரும்பாலும் நாலு வழிகளைத்தான் நம்பினார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் காலை வாரும்.

முதல் வழி, ஆளுக்கு உடை மாட்டுவது. ‘ரோபாட் மான்ஸ்டர்’ இதிலும் சிக்கனம் பார்த்தது. இயக்குநர் ஃபில் டக்கருக்கு ரோபோ உடை செய்யப் பணமில்லை. ஜார்ஜ் பரோஸ் என்ற நடிகரிடம் சொந்தமாகக் கொரில்லா உடை இருந்தது. அதன் தலையை எடுத்துவிட்டு முக்குளிப்பவரின் கவசம் போன்ற ஒன்றை மாட்டினார்கள். பூமியை அழிக்க வந்த வேற்றுக்கிரகவாசி தயார். அந்தப் படத்துக்கு இசை யார் தெரியுமா? பின்னாளில் பெரும் புகழ் பெற்ற எல்மர் பெர்ன்ஸ்டீன். இசையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பெரிய படம் ஓடுவது மாதிரியே இருக்கும்.

இரண்டாவது வழி, கயிற்றில் ஆடும் பொம்மை. 1957-இல் வந்த ‘தி ஜயன்ட் க்ளா’ இதில் பேர்போனது. விமானங்களை விழுங்கும் ராட்சதப் பறவை, மெக்சிகோவில் செய்து வாங்கியது. நீண்ட சுருங்கிய கழுத்து, முட்டைக் கண், உச்சந்தலையில் கொஞ்சம் முடி. நடிகர்கள் யாரும் படப்பிடிப்பில் பறவையைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்து மிரண்டது மட்டும்தான் அவர்கள் வேலை. கதாநாயகன் ஜெஃப் மோரோ தன் சொந்த ஊர்த் தியேட்டரில்தான் அதை முதன்முதலாகப் பார்த்தார். ஜனம் சிரிக்கத் தொடங்கியதும் யார் கண்ணிலும் படாமல் நழுவி வந்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னார்.

மூன்றாவது வழி, நிஜப் பிராணியைப் பெரிதாக்கிக் காட்டுவது. பெர்ட் ஐ. கார்டன் 1957-இல் ‘பிகினிங் ஆஃப் தி எண்ட்’ படத்துக்காக வெட்டுக்கிளிகளைக் கொண்டுவந்தார். சிகாகோ கட்டடங்களின் புகைப்படங்கள் மேல் அவற்றை ஏறவிட்டுப் படம் பிடித்தார். வெட்டுக்கிளிக்கு அது கட்டடம் என்று யார் சொன்னது? கூர்ந்து பார்த்தால், ஒன்று கட்டடத்தின் விளிம்பைத் தாண்டி வெறும் வானத்தில் கால் வைத்து நடப்பது தெரியும்.

இந்த மூன்றாவது வழிக்கும் சேலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-இல் அமெரிக்கரான வில்லியம் பெர்க்கின் இயக்கத்தில் ‘தி ஜங்கிள்’ என்ற படத்தைக் கூட்டாகத் தயாரித்தது. ராட் கேமரூன், சீஸர் ரொமேரோ, மேரி விண்ட்சர் நடித்தார்கள். அமெரிக்காவில் வெளியிட்டது லிப்பர்ட் என்ற சின்னப் பட நிறுவனம். தமிழில் ‘காடு’ என்று வந்தது. காட்டு யானைகள் ஏன் மிரண்டு ஓடுகின்றன என்று தேடிப்போனால், அழிந்துபோனதாக நினைத்த, உடல் முழுக்க ரோமம் கொண்ட மாமத் யானைகள்தான் காரணம் என்று தெரிகிறது. ரோம யானைக்கு எங்கே போவது? நம் ஊர் யானைக்கே ரோமம் மாட்டிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால், யானையை வைத்து யானையின் உறவினத்தைக் காட்டியது வெட்டுக்கிளி வேலையைவிட எவ்வளவோ நேர்மையான ஏற்பாடு. வெயிலில் அந்த யானைகள் பட்ட பாடு வேறு விஷயம்.

நான்காவது, ஸ்டாப் மோஷன். உலோக எலும்புக்கூட்டின் மேல் ரப்பர் போர்த்திய பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு ஃப்ரேம் (ஒற்றைப் படம்), இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு ஃப்ரேம் என்று எடுப்பது. நாலு வழிகளில் அழகானது இது, நேரத்தைத் தின்பதும் இதுதான். ரே ஹாரிஹவுசன் இதில் மேதை. 1955-இல் ‘இட் கேம் ஃப்ரம் பினீத் தி சீ’ படத்துக்காக சான் ஃபிரான்சிஸ்கோ பாலத்தைப் பிடித்து உடைக்கும் ராட்சத ஆக்டோபஸைச் செய்தார். அதற்கு எத்தனை கை? ஆறு. ஒரு விநாடிப் படத்துக்கு 24 ஃப்ரேம். எட்டுக் கை என்றால் ஒரு விநாடிக்கு 192 முறை கை நகர்த்த வேண்டும். ஆறு என்றால் 144. இரண்டு கையை வெட்டியதில் விநாடிக்கு 48 அசைவு மிச்சம். சில கைகள் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் யாரும் எண்ணவும் முடியாது. மலிவுப் படக்காரர்களின் மூளை எப்படி வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ராட்சதனுக்கு ஏன் எடையே இல்லை?

பல படங்களில் மிருகம் கட்டடத்தை இடிக்கும்போது அட்டைப்பெட்டி சரிவது மாதிரி இருக்கும். செட் மோசம் என்று நினைப்போம். பெரும்பாலும் குற்றம் செட்டின் மேல் இல்லை, வேகத்தின் மேல்தான்.

கணக்கு எளிது. 50 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழ ஏறக்குறைய 3.2 விநாடி ஆகும். அதே கட்டடத்தை 2 மீட்டர் மாதிரியாகச் செய்து, அதன் உச்சியிலிருந்து கல்லைப் போட்டால் 0.64 விநாடியில் தரையைத் தொட்டுவிடும். மாதிரி 25 மடங்கு சின்னது, நேரமோ 5 மடங்குதான் குறைகிறது. 25-இன் வர்க்கமூலம் 5. நம் கண்ணுக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. ஆனால் வேகமாக விழுவது சின்னப் பொருள், மெல்ல விழுவது பெரிய பொருள் என்று பிறந்ததிலிருந்தே பழகிய ஓர் அளவுகோல் அதற்கு உண்டு.

ஆக, மாதிரி பெரிதாகத் தெரிய வேண்டுமானால் விநாடிக்கு 24-க்குப் பதில் 120 ஃப்ரேம் எடுத்து, 24-இல் ஓட்ட வேண்டும். தோஹோவின் எஃபெக்ட்ஸ் நிபுணர் எய்ஜி சுபுராயா தன் மிருகத்துக்கு எடை கொடுத்தது வேகமாக எடுத்து மெதுவாக ஓட்டும் இந்த உத்தியால்தான். இதற்கு விலை உண்டு:

1. ஐந்து மடங்கு பிலிம் தீரும்.
2. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும் ஒளி ஐந்தில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்ட ஐந்து மடங்கு விளக்கு போட வேண்டும்.
3. அந்த விளக்கின் சூடு முழுக்க ரப்பருக்குள் இருக்கும் ஆளின் தலையில் இறங்கும். முதல் காட்ஸில்லா உடை சுமார் 100 கிலோ. உள்ளே இருந்த ஹருவோ நகஜிமா சில நிமிடத்துக்கு மேல் தாங்க முடியாமல் வெளியே வர வேண்டியிருந்தது.

16,000 டாலர் வைத்திருப்பவர் இதில் எதையும் செய்ய முடியாது. சாதாரண வேகத்தில் எடுப்பார், கட்டடம் அட்டையாகிவிடும். தண்ணீர் இன்னும் மோசம். கப்பலைச் சின்னதாகச் செய்யலாம், நீர்த்துளியைச் சின்னதாகச் செய்ய முடியாது. தொட்டியில் மிதக்கும் மாதிரிக் கப்பலின் மேல் துளிகள் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்து குட்டை உடைத்துவிடும்.

இயற்பியலை நம்பியே ஏமாந்த கதையும் உண்டு. கார்மன் ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்தவர். 1956-இல் ‘இட் காங்கர்ட் தி வேர்ல்ட்’ எடுத்தபோது, வெள்ளிக் கிரகத்தின் ஈர்ப்பு அதிகம், அங்கே பிறந்த பிராணி தரையோடு தரையாகக் குட்டையாகத்தான் இருக்கும் என்று யோசித்து அப்படியே செய்யச் சொன்னார். ப்ளேஸ்டெல் செய்து கொடுத்தார். கதாநாயகி பெவர்லி கார்லண்ட் அதன் முன்னால் போய் நின்று, நீயா உலகத்தைப் பிடிக்க வந்தாய் என்று கேட்டுவிட்டு ஓர் உதை விட்டார். உடனே அதை உயர்த்தச் சொல்லிவிட்டார் கார்மன். மிருகம் நாயகியைவிட உயரமாக இருக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இதில் பாவம் என்னவென்றால், வெள்ளியின் ஈர்ப்பு பூமியைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

காட்டாமலே பயமுறுத்தியவர்கள்

மிருகம் செய்யக் காசில்லை என்றால் மிருகமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் இவர்களுக்கும் முன்னால் இருந்தார்கள். 1942-இல் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ நஷ்டத்தில் இருந்தது. வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் பேய்ப்படப் பிரிவை ஒப்படைத்தார்கள். நிபந்தனைகள் மூன்று: செலவு 1.5 லட்சம் டாலருக்குள், நீளம் 75 நிமிடத்துக்குள், தலைப்பை நிர்வாகம் தரும். முதலில் கொடுத்த தலைப்பு ‘கேட் பீப்பிள்’. பூனை மனிதர்கள் என்றால் ஒப்பனையும் உடையும் போட்ட ஒரு பூனைப் பெண்ணைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். லூட்டனும் இயக்குநர் ழாக் தூர்னியரும் அந்தப் பக்கமே போகவில்லை.

அதில் ஒரு காட்சி. இரவு, பூங்காவின் மதிலோரம் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். பின்னால் இன்னொருத்தி தொடர்கிறாள். இரண்டு ஜோடிக் குதிகால் செருப்பின் ஓசை மாறி மாறிக் கேட்கிறது. ஒரு கட்டத்தில் பின்னாலிருந்து வரும் ஓசை நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. வேகமாக நடக்கிறாள். ஏதோ சீறும் சத்தம், நம் உயிர் போய் உயிர் வருகிறது. பார்த்தால், பக்கத்தில் வந்து நிற்கும் பஸ்ஸின் பிரேக். மேலே மரக்கிளை மட்டும் அசைகிறது. இந்தக் காட்சிக்கு ஆன செலவு ஒரு மதில், சில தெருவிளக்கு, ஒரு பஸ். பொய்யாகப் பயமுறுத்தும் இந்த உத்திக்கு இன்றும் படத் தொகுப்பாளர்களிடம் ‘லூட்டன் பஸ்’ என்றுதான் பெயர்.

இதே படத்தில் நீச்சல் குளக் காட்சியிலும் தண்ணீரின் அலை ஒளி சுவரில் ஆடுவது, நிழல், உறுமல் இவ்வளவுதான். செட்டும் புதிதல்ல. ஆர்சன் வெல்ஸின் ‘தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்’ படத்துக்குப் போட்ட பெரிய மாடிப்படியை எடுத்து உபயோகித்துக்கொண்டார்கள். படம் நன்றாக ஓடியது. 33 ஆண்டு கழித்து ‘ஜாஸ்’ எடுத்தபோது ஸ்பீல்பெர்கின் இயந்திரச் சுறா கடலில் அடிக்கடி பழுதாக, அவரும் சுறாவை மறைத்து முதுகுத் துடுப்பையும் பீப்பாயையும் இசையையும் வைத்துச் சமாளித்தார். பட்ஜெட் இல்லாதவர்கள் எப்போதோ கண்டுபிடித்திருந்ததை, பணம் வைத்திருந்தவர் வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டார்.

சரி, உண்மையான குறை எது?

மோசமான மிருகம் குறை அல்ல என்பது என் கட்சி. ‘தி ஜயன்ட் க்ளா’ பறவை திரைக்கு வரும் ஒவ்வொரு நிமிடமும் சுவாரஸ்யம்தான். தாங்க முடியாதது, அது வராத நேரம். படத்தின் நீளம் 70 நிமிடம், மிருகத்துக்கு இருக்கும் காசு 6 நிமிடத்துக்கு என்றால் மீதி 64 நிமிடத்தை எதை வைத்து நிரப்புவது? லூட்டன் பயத்தை வைத்து நிரப்பினார். மற்றவர்கள் கையில் கிடைத்ததை வைத்து நிரப்பினார்கள்:

1. பேச்சு. விஞ்ஞானி, ராணுவ அதிகாரி, விஞ்ஞானியின் மகள் மூவரும் ஓர் அறையில் நின்று, வெளியே நடப்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கேமரா நகராது, ஏனென்றால் நகர்த்தினால் விளக்கை மாற்ற வேண்டும், விளக்கை மாற்றினால் அரை மணி நேரம் போய்விடும்.

2. பழைய காட்சிகள். ராணுவம் கொடுத்த டாங்கி, விமானக் காட்சிகள் இலவசம் மாதிரி. ஒரே விமானம் ஷாட்டுக்கு ஷாட் வேறு மாடலாக மாறுவது இதனால்தான். ‘ரோபாட் மான்ஸ்டர்’ 1940-இல் வந்த இன்னொரு படத்தின் பல்லிச் சண்டையையே எடுத்து ஒட்டிக்கொண்டது.

3. விரிவுரை. அணுக்கதிர் எல்லாவற்றையும் பெரிதாக்கும் என்பது அந்தக் காலத்தின் சர்வரோக விளக்கம். எறும்பு, சிலந்தி, வெட்டுக்கிளி, மனிதன் எதுவானாலும் அதே விளக்கம்தான்.

இவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. அவசரமாக எழுதும்போது மனுஷன் கைக்கு வருவது பழக்கப்பட்ட அச்சுகள்தான். பெண் விஞ்ஞானி என்று அறிமுகப்படுத்துவார்கள், அவர் காபி போட்டுக் கொடுத்துவிட்டு அலறுவார். காடு, தீவு என்றால் அங்குள்ள மக்கள் மூடநம்பிக்கை பிடித்த கூட்டமாகவே இருப்பார்கள். வழிகாட்டியாக வருபவர் முதலில் சாவார். ரப்பர் பொம்மைக்குக் காசில்லை என்ற சாக்கு இதற்குச் செல்லாது. நல்ல வசனம் எழுதத் தனிச் செலவு கிடையாது. கார்மனுக்கு எழுதிய சார்ல்ஸ் கிரிஃபித் அதே காசில், அதே அவசரத்தில் புத்திசாலித்தனமாக எழுதினார். அவர் எழுதிய ‘தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ (1960) வேறு படத்துக்குப் போட்ட செட் காலியாக இருந்த இரண்டு நாளில் பெரும்பகுதி எடுக்கப்பட்டது. இன்று பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. அதுவும் படம் சிரிக்கச் சொன்ன இடத்தில்.

வேண்டுமென்றே மோசமாக எடுத்தால்?

1975-இல் ‘ஜாஸ்’ வந்த பிறகு பெரிய ஸ்டூடியோக்களே மிருகக் கதைகளைக் கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்க ஆரம்பித்தன. கார்மனின் சந்தை சுருங்கியது. அந்த வியாபாரம் வீடியோ கேசட்டுக்கும் கேபிள் டி.வி.க்கும் குடிபெயர்ந்தது. இதன் இன்றைய வாரிசு ‘தி அசைலம்’ என்ற நிறுவனம். பெரிய படம் வரும் நேரத்தில் அதே மாதிரிப் பெயரில் ஒன்றை இறக்கிவிடுவார்கள். ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ வந்த 2007-இல் இவர்களுடைய ‘டிரான்ஸ்மார்ஃபர்ஸ்’ வந்தது. 2013-இல் ‘ஷார்க்நேடோ’. சூறாவளி சுறாக்களைத் தூக்கி வந்து நகரத்தில் கொட்டும் கதை. ட்விட்டரில் அன்று இரவு முழுக்க அதே பேச்சு. 2018-க்குள் ஆறு பாகம் வந்துவிட்டன.

இவை எனக்கு இரண்டாம் பாகத்துக்கு மேல் இறங்கவில்லை. காரணம் கிராஃபிக்ஸ் மோசம் என்பதல்ல. பழைய படங்களில் சிரிப்பு வருவது, ஒருவர் முழு மூச்சாக முயன்று கை நழுவவிட்ட இடத்தில். வெட்டுக்கிளி வானத்தில் நடந்தது யாரும் திட்டமிட்டது அல்ல. ‘ஷார்க்நேடோ’ நாம் சிரிப்போம் என்று தெரிந்தே நமக்கு முன்னால் சிரித்துவிடுகிறது. அப்புறம் நமக்கு என்ன வேலை?

இன்னொன்று, கையால் செய்த பொம்மை மோசமாக இருந்தாலும் அது கேமரா முன்னால் நிஜமாக இருந்த பொருள். வெளிச்சம் அதன் மேல் பட்டது. ‘தி ப்ளாப்’ படத்தின் ஆளை விழுங்கும் கூழ், சிவப்புச் சாயம் கலந்த சிலிக்கோன்தான். பென்சில்வேனியாவின் ஃபீனிக்ஸ்வில் ஊரில் அந்தப் படத்தில் வந்த கொலோனியல் தியேட்டர் இன்றும் இயங்குகிறது. ஆண்டுதோறும் ரசிகர்கள் அங்கே கூடி, படத்தில் வருவது போலவே அலறிக்கொண்டு கதவைத் தள்ளி வெளியே ஓடுகிறார்கள். மலிவுக் கம்ப்யூட்டர் சுறாவுக்கு இப்படி ஒரு ஊர் கிடைக்கும் என்று தோன்றவில்லை.

இவை எப்படிப் பிழைத்துக் கிடந்தன?

ஒரு வாரம் ஓடி மறைய வேண்டிய படங்கள் 70 ஆண்டு நிலைத்ததற்குத் தரம் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் மலிவு. டி.வி. நிலையங்கள் பின்னிரவை நிரப்பக் குறைந்த விலைப் படங்களைத் தேடின. சிலவற்றுக்குக் காசே கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) சுமார் 1.14 லட்சம் டாலரில் எடுத்த படம். கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த காப்புரிமை அறிவிப்பும் பிரதியிலிருந்து போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லையென்றால் உரிமை இல்லை. யார் வேண்டுமானாலும் போடலாம் என்றானதும் எல்லோரும் போட்டார்கள். எடுத்தவர்களுக்குப் பெரிய நஷ்டம், படத்துக்கோ உலகப் புகழ். அந்தப் பின்னிரவுக் காட்சிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறை இயக்குநர்கள்.

கணக்கு இப்போது எப்படி மாறியிருக்கிறது?

கம்ப்யூட்டர் வந்த பிறகு பொம்மை, பிலிம், விளக்குச் செலவு போய்விட்டது. இப்போது செலவு என்பது மனித நேரம். 2010-இல் கேரத் எட்வர்ட்ஸ் 5 லட்சம் டாலருக்குள் ‘மான்ஸ்டர்ஸ்’ எடுத்தார். ஏறக்குறைய 250 எஃபெக்ட்ஸ் ஷாட்டுகளை வீட்டுக் கம்ப்யூட்டரில் தானே செய்தார். மிருகங்கள் கொஞ்ச நேரம்தான் வருகின்றன. மீதி நேரம் அவை வந்து போன தடயங்கள்: எச்சரிக்கைப் பலகை, உடைந்த கட்டடம், வேலி. லூட்டனின் பழைய வழியேதான்.

‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ இன்னொரு வழியைக் காட்டியது. 35 கலைஞர்கள், 610 ஷாட்டுகள். யமசாகியே எழுத்தாளர், இயக்குநர், எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளர். பெரிய ஹாலிவுட் படத்தில் ஒரு ஷாட் பல நாடுகளில் இருக்கும் நிறுவனங்களுக்குப் போய், திருத்தம் வாங்கி, மறுபடி போய், பல கை மாறி வரும். இங்கே முடிவெடுப்பவர் அடுத்த மேஜையில் இருந்தார். எந்தக் கோணம் வேண்டும் என்று முன்பே தெரிந்ததால், தூக்கிப்போடும் ஷாட்டுகள் குறைந்தன. ஜப்பானில் இந்தக் கலைஞர்களின் சம்பளம் அமெரிக்காவைவிடக் குறைவு என்பதும் இந்தச் சிக்கனத்தில் சேர்த்தி, அதை மறந்துவிட்டு மெச்சுவது நியாயமல்ல. அந்த ஆண்டு அதே பிரிவில் போட்டியிட்டுத் தோற்ற படங்களில் ஒன்று ‘தி கிரியேட்டர்’. அதன் இயக்குநர், வீட்டுக் கம்ப்யூட்டரில் ‘மான்ஸ்டர்ஸ்’ செய்த அதே கேரத் எட்வர்ட்ஸ்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

முதலில் ‘கேட் பீப்பிள்’. 73 நிமிடம்தான், ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள். அடுத்து ‘தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’. மூன்றாவதாக ‘இட் கேம் ஃப்ரம் பினீத் தி சீ’, கையை எண்ணிக்கொண்டே பார்க்கலாம். ‘தி ஜயன்ட் க்ளா’ படத்தை நாலைந்து பேர் சேர்ந்து பார்ப்பது நல்லது. தனியாகப் பார்த்தால் பறவை வரும்வரை தூக்கம் வந்துவிடும். ‘ரோபாட் மான்ஸ்டர்’ கடைசியில். எடுத்த எடுப்பில் அதைப் போட்டுவிட்டு இந்த வகைப் படங்களே இப்படித்தான் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.